உப்பைக் கழித்த பிறகு

உ

முத்தியால்பேட்டை, புதுச்சேரி
4 பிப்ரவரி 2025

அன்புள்ள கார்குழலிக்கு,

அண்ணி அஞ்சலாட்சி எழுதுவது. இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பாய். உன்னோடு போனில் பேச மாட்டேன் என்று உன் அண்ணன் என்னிடம் கற்பூரம் அணைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறார். பேச மாட்டேன் என்றுதான் சொன்னேன். எழுதுவதைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. அம்மன் இதைக் குற்றமாக எடுத்துக்கொண்டால் அவளுக்கு நான் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று கம்பெனிக்கு நோட்டீஸ் வந்தது. கடலோரத்தில் நிலத்தடி நீர் உப்பாகிவிட்டதாம். வரைபடத்தில் கோடு போட்டிருக்கிறார்களாம். கோட்டுக்குள் இருக்கிற போர்வெல்லை எல்லாம் சீல் வைப்பார்களாம். ஆட்சேபம் இருந்தால் மே மாதம் விசாரணைக்கு வந்து சொல்லலாமாம். இணைத்திருந்த அறிக்கையை உன் அண்ணன் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். கடைசிப் பக்கத்தில் உன் கையெழுத்து. "பாத்தியா அஞ்சல, என் தங்கச்சி ஐதராபாத்துலேர்ந்து எனக்குப் பூட்டு வாங்கி அனுப்பியிருக்கா" என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை.

மில் மூடிய பிறகு அவர் எங்கெல்லாம் அலைந்தார் என்று உனக்குத் தெரியும். சேதராப்பட்டில் ஷிப்டு, தேங்காய்த்திட்டில் ஐஸ் லோடு, கடைசியில்தான் இந்தக் கேன் தண்ணீர். திறப்பு விழா அன்று, பூசாரி தேங்காயைக் கையில் எடுத்த நேரத்தில், "இந்த போர் கடலை இழுத்துக்கினு வந்துடும்ணா" என்றாய். படித்தவள், சொல்லலாம். அந்த நேரத்திலா? அன்றைக்கு உன்னிடம் பேச்சை நிறுத்தியவர்தான்.

இப்போது ஓரிடத்தில் உட்காருவதில்லை. கம்பெனிக்கும் வீட்டுக்கும் நடக்கிறார். டம்ளரில் பிடித்துக் குடிக்கிறார், என்னிடம் நீட்டுகிறார். "உப்பு கரிக்குதா? மொகத்துக்காகச் சொல்லாத." மெஷினில் வடிகட்டி வருகிற தண்ணீர், அது எப்படிக் கரிக்கும்?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கணக்கை இன்னொரு தரம் பார். கூட்டலில் பிசகு யாருக்கும் வரும். எனக்கு மாதக் கடைசியில் வராத மாதம் இல்லை.

பதிலை எதிர்வீட்டு அன்னக்கிளி பெயருக்குப் போடு.

அண்ணி
அஞ்சலாட்சி

---

ஐதராபாத்
15 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணிக்கு,

அன்னக்கிளி அக்கா இதைப் பிரித்துப் படித்திருந்தால் அவர்களுக்கும் வணக்கம்.

முதலில் கோபமாக ஒரு பதில் எழுதினேன். கிழித்துவிட்டேன். இது இரண்டாவது.

அண்ணன் வருத்தப்படுகிறார் என்பதற்காகக் கணக்கை மாற்றிப் பார்க்க எனக்கு உரிமை இல்லை. அப்படிப் பார்க்கத் தொடங்கினால் நான் இந்த வேலையில் இருக்கக் கூடாது. ஆனால் உங்களுக்கு ஒரு செய்தி, சந்தோஷப்படுவீர்களோ என்னவோ: இப்போது கணக்கை விட்டுவிட்டு என்னையே சோதிக்கச் சொல்லியிருக்கிறார்கள். கேன் கம்பெனிக்காரர்கள் சங்கத்தின் வக்கீல் மனுப் போட்டிருக்கிறார். ஆய்வு செய்தவருக்கு என்ன தகுதி? பலராமன் என்கிற உரிமையாளருக்கு இவர் தங்கை, குடும்பப் பகை உண்டு, அதைத் தீர்த்துக்கொள்ளத்தான் கோடு போட்டிருக்கிறார் என்று. ஆகவே என் தொழில்சார் பின்னணியை எழுதித் தரும்படி விசாரணைக் குழு கேட்டிருக்கிறது. அண்ணனுக்கு இந்த மனு தெரியுமா? அவர் சொல்லாமல் வக்கீலுக்கு நம் வீட்டுக் கதை எப்படித் தெரிந்தது?

உட்கார்ந்து எழுதினேன். புதுச்சேரியில் புவியியல் பட்டம். புவிவேதியியலில் முனைவர் பட்டம்; பாலாற்றுப் படுகையில் கிணறுகள் ஏன் உப்பாகின்றன என்பது ஆய்வு. தருமபுரிப் பக்கம் பிள்ளைகளின் பல்லைக் கறுக்க வைக்கிற ஃப்ளூரைடு எந்தப் பாறையிலிருந்து தண்ணீரில் இறங்குகிறது என்று கண்டுபிடிக்கும் வேலை. பிறகு ராமநாதபுரம், பிறகு இங்கே ஆய்வுக்கூடம். தண்ணீர் போகிற வழியெல்லாம் எதையாவது கரைத்து எடுத்துக்கொண்டு வரும். அதைப் பார்த்து, தண்ணீர் எங்கேயிருந்து வந்தது, எதன் வழியாக வந்தது என்று சொல்வதுதான் என் தொழில். இரண்டு பக்கம் வந்தது. படித்துப் பார்த்தால் யாரோ மாதிரி இருந்தது.

அண்ணனுக்குக் கம்பெனி இருப்பதை ஆய்வு தொடங்கும் முன்பே எழுத்தில் கொடுத்துவிட்டேன். மற்ற யாருக்கும் அந்தப் பகுதி தெரியாது என்று என்னையே செய்யச் சொன்னார்கள்.

கோடு ஏன் அங்கே விழுந்தது என்றால், நம் வீட்டுக் கிணற்றால். மாதாமாதம் எங்கள் ஆய்வுக்காகத் தணிகாசலம் வந்து தண்ணீர் எடுத்துப்போகிறாரே, அதில் வரவர உப்பு ஏறிக்கொண்டே வந்தது. சுற்றியுள்ள எந்தக் கிணற்றிலும் இவ்வளவு இல்லை. அதனால் கோடு நம் தெருவைத் தாண்டி உள்ளே வந்தது, கம்பெனியையும் சேர்த்துக்கொண்டது. நம் கிணறு எதற்கு என்று கேட்பீர்கள். ஆய்வுக்குப் பொருத்தமான இடம் என்று எழுதியிருக்கிறேன். அது உண்மைதான். மாதம் ஒருமுறை அந்தத் தண்ணீராவது என் மேசைக்கு வரட்டும் என்பதும் உண்மை.

கார்குழலி

---

உ

முத்தியால்பேட்டை
2 மார்ச் 2025

அன்புள்ள குழலிக்கு,

உன் கடிதத்தை அன்னக்கிளி பிரிக்கவில்லை. பிரிக்காமல் என் பக்கத்திலேயே உட்கார்ந்து நான் படிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "தண்ணி எங்கேந்து வருதுன்னு பாக்கறதுக்கா ஐதராபாத் போனா? இங்கியே தேங்காயக் கையில வச்சிக்கினு நீரோட்டம் பாக்கறாங்களே" என்றாள். "தேங்கா நிமிந்தா தண்ணி இருக்குன்னு சொல்லும், என் நாத்தனார் அது எந்த ஊர்த் தண்ணின்னே சொல்லுவா" என்றேன். அவளிடம் உன்னை விட்டுக்கொடுக்க மாட்டேன். உன்னிடம் கேட்க வேண்டியதை உன்னிடம்தான் கேட்பேன்.

பாலாறு எழுதியிருக்கிறாய், தருமபுரி எழுதியிருக்கிறாய். அந்தப் பிள்ளைகளின் பல்லுக்காக வெயிலில் அலைந்த நீ, அண்ணனின் கம்பெனி வாசலுக்கு ஒருநாள் வந்து, "அண்ணா, இப்படி வரப்போகிறது, தயாராக இரு" என்று சொல்லியிருக்கலாமே. வந்தால் அவர் கழுத்தைப் பிடித்தா தள்ளியிருப்பார்? சரி, தள்ளியிருப்பார். தள்ளட்டுமே.

வக்கீலிடம் நம் கதையைச் சொன்னவர் உன் அண்ணன் இல்லை. சங்கத்தில் தவளக்குப்பத்துக்காரர் ராஜவேல் என்று ஒருவர் இருக்கிறார், அவர். மனுவை உன் அண்ணனுக்குப் படித்துக்காட்டியபோது, "தகுதியில கைய வைக்காதீங்க சார், அவ படிப்பு படிப்புதான்" என்றாராம். அதைக் கேட்டு ராஜவேல், "அப்ப தங்கச்சி சீலு வைக்கட்டும், நீ மாலை போட்டு வாங்கிக்க" என்றாராம். அன்றிரவு இவர் சாப்பிடவில்லை.

நான் செய்யாத வேண்டுதல் இல்லை. உப்பு கரைகிற மாதிரி உங்கள் இரண்டு பேர் பகையும் கரையட்டும் என்று வெள்ளிக்கிழமை தவறாமல் உப்பும் மிளகும் போடுகிறேன். போன வருஷம் கோயில் குளத்துக்கு வேலி கட்டி, உப்பு, மிளகு போடக் கூடாது என்று பலகை வைத்துவிட்டார்கள். அதற்காக வேண்டுதலை நிறுத்த முடியுமா? ஒரு வாரம்கூட விடவில்லை. இருந்தும் அம்மனுக்கு இன்னும் காது கேட்கவில்லை.

மறுபடியும் பார், குழலி.

அஞ்சலாட்சி

---

ஐதராபாத்
17 மார்ச் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

மறுபடியும் பார்த்தேன். நீங்கள் கேட்டதற்காக அல்ல. என்னுடைய இரண்டு பக்கத்தை அனுப்பிய பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. இவ்வளவு படித்தவள் ஒரு கிணறு மட்டும் ஏன் தனியாகக் கரிக்கிறது என்று ஏன் கேட்கவில்லை? எடுத்து வைத்திருந்த மாதிரிகளை வெளியே எடுத்து, முதலில் செய்யாத ஒரு சோதனையைச் செய்தேன்.

கடல் தண்ணீரில் உப்போடு புரோமைடு என்ற ஒன்று கொஞ்சம் கூடவே இருக்கும். கடல் நிலத்துக்கடியில் வந்தால் அது உப்பை மட்டும் தூக்கிக்கொண்டு வராது, புரோமைடையும் அதே பங்கில் கொண்டு வரும். ஆனால் உப்பளத்தில் பாத்தி கட்டிக் காயவைக்கும்போது உப்பு அடியில் விளைந்துவிடும், புரோமைடு பெரும்பாலும் மேலே நிற்கிற கழிவுத் தண்ணீரோடு போய்விடும். ஆகவே கடையில் வாங்குகிற உப்பில் அது மிகவும் குறைவு.

மற்ற கிணறுகளில் இரண்டும் கடலின் பங்கில் இருக்கின்றன. நம் வீட்டுக் கிணற்றில் உப்பு மட்டும் இருக்கிறது, அதற்கேற்ற புரோமைடு இல்லை.

அப்படியென்றால் அதில் ஏறியது கடல் இல்லை. யாரோ உப்பைக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள். அண்ணனை மூட வைக்க ராஜவேல் ஆள் வைத்துச் செய்தாரா, என் அறிக்கையைக் கெடுக்க யாராவது செய்தார்களா, அண்ணனே கூடவா என்றெல்லாம் இரண்டு நாள் யோசித்தேன். மேலதிகாரிக்குச் சொல்லப் போனேன். பாதி வழியில் உங்கள் கடிதம் நினைவுக்கு வந்து திரும்பிவிட்டேன்.

அண்ணி, குளத்துக்கு வேலி கட்டிய பிறகு நீங்கள் உப்பை எங்கே போட்டீர்கள்?

கார்குழலி

---

உ

முத்தியால்பேட்டை
23 மார்ச் 2025

குழலி,

கிணற்றில்தான்.

வேறு எங்கே போடுவேன்? அதுவும் தீர்த்தம்தானே என்று நினைத்தேன். ஒவ்வொரு வெள்ளியும் விளக்கேற்றிவிட்டு ஓர் உழக்கு கல்லுப்பும் கொஞ்சம் மிளகும். உன் பெயர், அவர் பெயர் இரண்டையும் சொல்லித்தான் போடுவேன். ஒருநாள் அந்தத் தணிகாசலம் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, கிணத்துல மிளகு மிதக்குது, மொத்தமா ரசம் வச்சிட்டீங்களா?" என்று கேட்டான். நானும் சிரித்துவிட்டு மோர் கொடுத்து அனுப்பினேன். பாவி, அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா?

நான் உங்களைச் சேர்த்து வைக்கப் போட்ட உப்பு அவர் கம்பெனிக்குப் பூட்டாகவா போகும்? அம்மன் முன்னால் போய் நின்றேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை, வந்துவிட்டேன்.

இப்போது சொல். இது தெரிந்துவிட்டதால் சீல் வைக்க மாட்டார்கள்தானே? அவரிடம் சொல்லட்டுமா? சொன்னால் என்ன ஆகும்? உடனே எழுது. அன்னக்கிளி தபால்காரரை வழியிலேயே மறிக்கிறேன் என்கிறாள்.

அஞ்சலாட்சி

---

ஐதராபாத்
2 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. என் மேல்தான். தினமும் நீர் இறைத்துப் புழங்குகிற கிணறாக இருந்தால் ஓர் உழக்கு உப்பு அதில் நிற்காது. மாதிரிப் படிவத்தில் "தினமும் புழங்கும் கிணறு" என்று நான்தான் எழுதினேன். யாரையும் கேட்கவில்லை. நான் இருந்தபோது அப்படித்தானே இருந்தது! நீங்கள் கம்பெனித் தண்ணீருக்கு மாறியது, கிணற்றடிக்குப் போவதே வெள்ளிக்கிழமை மட்டும்தான் என்பது எனக்கு எப்படித் தெரியும்? தேங்கி நிற்கிற கிணறு என்று தெரிந்திருந்தால் முழுக்க இறைத்துவிட்டு, புதிதாக ஊறிய தண்ணீரை எடுக்கச் சொல்லியிருப்பேன். முதல் வருஷ மாணவருக்கு நான் சொல்லிக்கொடுக்கிற பாடம் அது.

குழுவுக்கு எழுதிவிட்டேன். அந்தக் கிணற்றின் அளவுகளைத் திரும்பப் பெறுகிறேன், வெளியிலிருந்து உப்பு சேர்ந்திருக்கிறது, கிணற்றின் நிலையை நான் சரிபார்க்கவில்லை என்று. உங்கள் பெயரைப் போடவில்லை. ஆனால் யார் போட்டது என்று கேட்பார்கள். கம்பெனிக்காரர் வீட்டுக் கிணறு. ஆய்வைக் கெடுக்க அவரே போட்டார் என்று முடிவுகட்டினால் வழக்கே வரும். நீங்கள் சொன்னால் அந்தச் சந்தேகம் போகும். சொல்லச் சொல்லி நான் வற்புறுத்த மாட்டேன். உறவினர் என்பதால் என்னை விசாரணைக்கு வர வேண்டாம், எழுத்தில் கொடுத்தால் போதும் என்றுவிட்டார்கள்.

சீல் வைப்பார்களா மாட்டார்களா என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்கே தெரியாது. கிணற்றை முழுக்க இறைத்துவிட்டு மறுபடி எடுக்க வேண்டும், கம்பெனி போரிலும் எடுக்க வேண்டும்.

இனிமேல் கிணற்றில் ஒன்றும் போடாதீர்கள். தயவுசெய்து மஞ்சள்கூட வேண்டாம்.

கார்குழலி

---

உ

முத்தியால்பேட்டை
16 மே 2025

அன்புள்ள குழலிக்கு,

சொல்லிவிட்டேன். வீட்டில் அல்ல, நேராக விசாரணையில். வீட்டில் சொன்னால் என்னை வரவிட மாட்டார் என்று பயம். "கம்பெனிக்காரங்க வீட்டு ஆளுங்களும் வரலாமாம்" என்று சொல்லி ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டேன்.

மேலே உட்கார்ந்திருந்த அதிகாரி ஓர் அம்மாள். கிணற்றில் யார் உப்புப் போட்டது என்று அவர் கேட்டதும் எல்லோரும் உன் அண்ணனைப் பார்த்தார்கள். அவர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். நான் எழுந்தேன்.

"நான்தாம்மா போட்டேன்."

பக்கத்திலிருந்த எஞ்சினியர், "எதுக்கும்மா, கிணத்துல ஊறுகா போட்டீங்களா?" என்றார். சிரித்தார்கள்.

"இவரும் இவர் தங்கச்சியும் பேசிக்கணும்னு வேண்டிக்கினு போட்டேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "பேசிக்கிட்டாங்களா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லீங்க. சீலு வைக்கச் சொல்லித்தான் எழுதியிருக்கா."

உடனே நம் பக்கத்து வக்கீல் துள்ளி எழுந்தார். "பாத்தீங்களா மேடம், இதான் முனைவர் பட்டம்! வீட்டு உப்புக்கும் கடல் உப்புக்கும் வித்தியாசம் தெரியலை. மொத்த அறிக்கையையும் தள்ளுபடி பண்ணணும்." எனக்கு வந்ததே கோபம். "அந்த வித்தியாசத்தைக் கண்டுபுடிச்சதே அவதாங்க. தப்புன்னு அவளே எழுதிக் குடுத்தா. நீங்களா கண்டுபுடிச்சீங்க?" என்றேன். வக்கீல் உன் அண்ணனைப் பார்த்து, "சார், உங்க வீட்டம்மா யாரு பக்கம்?" என்றார். இவர், "நீங்க உக்காருங்க சார்" என்றார். அவ்வளவுதான்.

ஒரு கிணற்றை மட்டும் தள்ளிவிட்டு, மறுபடி மாதிரி எடுத்து முடிவு சொல்வதாக ஒத்திவைத்தார்கள்.

திரும்பி வரும்போது ராஜா தியேட்டர் சிக்னலில் நின்றபோது, "எனக்காவா போட்ட, அவளுக்காவா?" என்றார்.

"ரெண்டு பேருக்கும்தான்."

"அப்ப ஒரு உழக்கு எப்டிப் பத்தும்?"

முதுகு குலுங்கியது. சிரிக்கிறாரா என்று எட்டிப் பார்ப்பதற்குள் வண்டியை எடுத்துவிட்டார்.

மறுநாள் ஆள் வைத்துக் கிணற்றை இறைத்தார். தணிகாசலம் கிணற்றிலும் கம்பெனி போரிலும் எடுத்துப்போயிருக்கிறான். கடிதம் எழுதியது பற்றியும் சொல்லிவிட்டேன். இனி நம் வீட்டு முகவரிக்கே எழுது. அன்னக்கிளிக்குத்தான் வருத்தம்.

இனி கோடு கடல் பக்கம் தள்ளிப்போய்விடும் அல்லவா? எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ராஜவேல்கூட இவருக்குக் கை கொடுத்தார்.

அஞ்சலாட்சி

---

ஐதராபாத்
11 ஜூன் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

இந்தக் கடிதத்தை எப்படி எழுதினாலும் இது ஒரே விஷயத்தைத்தான் சொல்லப் போகிறது. குழுவுக்கு நேற்றே அனுப்பிவிட்டேன். அதனால் இதை உங்களுக்கு எழுதுவதில் தவறில்லை.

கிணற்றில் புதிதாக ஊறிய தண்ணீரைப் பார்த்தேன். உங்கள் உப்பு போய்விட்டது. உங்கள் உப்பைக் கழித்த பிறகும் மீதி உப்பு இருக்கிறது. முன்பிருந்ததில் பாதிகூட இல்லை. ஆனால் அந்த மீதியில் புரோமைடு கடலின் பங்கில் அப்படியே இருக்கிறது.

கம்பெனி போரில் இன்னும் கொஞ்சம் கூட. மெஷின் வடிகட்டிவிடுவதால் அண்ணனுக்கு நாக்கில் தெரியவில்லை. கோடு ஒரு தெரு கடல் பக்கம் நகர்ந்தது. கம்பெனி இன்னும் கோட்டுக்குள்ளேதான் இருக்கிறது.

மூன்று நாள் சோதனையைத் திரும்பத் திரும்ப ஓட்டினேன். உடன் வேலை செய்கிற ஒருவரிடம் பெயர் போடாமல் மாதிரியைக் கொடுத்து அவரையும் பார்க்கச் சொன்னேன். அவருக்கும் அதே எண் வந்தது. தப்பு வர வேண்டும் என்று இந்தத் தொழிலில் நான் வேண்டிக்கொண்டது இதுதான் முதல் தடவை.

கடைசிப் பக்கத்தில் மறுபடியும் என் கையெழுத்துதான். அண்ணனிடம் நீங்கள் சொல்ல வேண்டாம், உத்தரவு வரட்டும். அல்லது சொல்லிவிடுங்கள். எனக்குத் தெரியவில்லை, அண்ணி. விசாரணையில் நீங்கள் எனக்காகப் பேசியதை எழுதியிருந்தீர்களே, அதைப் படித்துவிட்டு இதை எழுதுவது...

கார்குழலி

---

உ

முத்தியால்பேட்டை
20 ஜூன் 2025

அன்புள்ள குழலிக்கு,

உன் கடிதத்தை உன் அண்ணனே வாங்கிப் பிரித்துவிட்டார். நான் ரேஷன் கடையிலிருந்து வந்தபோது கூடத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார். பிப்ரவரிக்குப் பிறகு அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். என்னிடம் நீட்டினார். நானும் படித்தேன். அழுகை வந்தது. "எதுக்கு அழுவுற, அவ என்ன பொய்யா எழுதியிருக்கா?" என்றார்.

பிறகு எழுந்து கம்பெனிக்குப் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன், என்ன செய்வாரோ என்று. மோட்டார் சுவிட்சை அணைத்தார். கேன் தூக்குகிற பையன்களைக் கூப்பிட்டு, இருக்கிற சரக்கைக் கொடுத்துவிட்டு வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னார். ராஜவேல் போன் பண்ணி, உத்தரவு வருகிற வரைக்கும் ஓட்டலாமே, அதற்குள் எவ்வளவு இறைக்கலாம் என்றார். "இறைச்சா கடல் இன்னும் உள்ள வரும்யா. உனக்குப் புரியாது, என் தங்கச்சிகிட்ட கேளு" என்று வைத்துவிட்டார்.

உத்தரவு நேற்றுத்தான் வந்தது. சீல் வைக்க வந்தவர்கள் ஓடாத மோட்டாருக்குச் சீல் வைத்துவிட்டுப் போனார்கள். சேதராப்பட்டில் பழைய இடத்தில் கேட்டிருக்கிறார், கிடைக்குமா தெரியாது. எனக்குக் கவலை இல்லை என்று எழுதினால் பொய். எப்படியோ இந்த மாதம் ஓடும்.

ஆனால் அவர் மறுபடியும் உட்காருவதில்லை. மாடிக்கும் கிணற்றடிக்கும் ஏறி இறங்குகிறார். மழைத் தண்ணீர் கூரையிலிருந்து சாக்கடைக்குத்தானே போகிறது, அதைக் குழாய் வைத்துக் கிணற்றில் இறக்கினால் கடலைக் கொஞ்சம் தள்ளுமா என்று கேட்கச் சொன்னார். எத்தனை மழைக்குத் தள்ளும்? தெருவில் எல்லோரும் செய்தால்? "போன் போட்டு நீங்களே கேளுங்களேன்" என்றேன். "அதெல்லாம் நேர்ல வந்து பாத்துட்டுச் சொல்ற விஷயம்" என்றார். எப்போது வருகிறாய்?

இதை எழுதும்போதே மாடியிலிருந்து கத்துகிறார். உன் பதில் வருவதற்குள் பைப் வாங்கிவிடுவார் போலிருக்கிறது. "எழுதிட்டியா அஞ்சல? கொழாய வடக்கால எறக்கறதா தெக்கால எறக்கறதான்னு கேளு அவள."

வடக்காலயா, தெற்காலயா?

அஞ்சலாட்சி